இடது கீழ் ஆறு

காலை நாலரைக்குக் களியக்காவிளைச் சந்தையில்
சாளைக் கூடைக்கு விலை கூற ஆரம்பித்தால்
நானூறு, நானூற்றிப் பத்து, நானூற்றி இருபது
என்று போகிற போக்கில்
மூன்று தடவை நிறுத்திக் குப்பியைத் திறப்பேன்.
கூட்டம் காத்து நிற்கும்.
அந்த ஒரு மடக்கு நேரத்தில்
யோசித்து ஏற்றிக் கேட்கிறவர்களும் உண்டு.
லாபம்தானே என்பான் பங்காளி கிளீட்டஸ்.

திருவனந்தபுரத்தில் முப்பத்து மூன்று நாள் கதிர்.
ஏழு வருஷமாயிற்று.
கட்டி போனது, போகும்போது
எச்சிலையும் கூட்டிக்கொண்டு.
எல்லை தாண்டினால் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர்.
என் வாயில் எந்தப் பேரிலும் இல்லை.

இரவில், பல்லின் அச்செடுத்து வார்த்த
கண்ணாடி நிறத் தட்டு இரண்டில்
மருந்துப் பசை தடவிக் கவ்விக்கொள்வேன்.
பத்து நிமிஷம் பேச முடியாது.
ரோஸ்லெட் அதற்காகவே சேர்த்து வைத்திருப்பாள்:
சிட்டி பாக்கி, மகளின் ஃபீஸ்,
அவள் அண்ணனுக்கு நான் சொன்ன ஒரு வார்த்தை.
தட்டைக் கழற்றினாலும்
அரைமணி நேரம் ஒரு சொட்டு ஆகாது.
அப்புறம் ஐஸ் குச்சிகள்.
அடுக்கிச் செருகித் தாடையைத் திறந்து வைக்க வேண்டும்.
போன ஓணத்துக்குப் பதினைந்து போனது.
இப்போது பதினாலுதான்.

ஆடியில் ஒரு நாள், வெந்து குழைந்த மரச்சீனியில்
கல் என்று துப்பினேன்.
பல்.
வலிகூட இல்லை.

மார்த்தாண்டத்து டாக்டர் சின்னப் பையன்.
"வேரையும் பிடுங்கிரலாம், அஞ்சு நிமிஷம்."
சட்டைப் பையிலிருந்த அட்டையை நீட்டினேன்.
கதிர் வாங்கிய தாடை. பிடுங்கிய குழி ஆறாது.
பல் போனால் சொல் போச்சு என்பது ஊருக்கு.
எனக்கு எலும்பும் போகும்.
உயிருள்ள கெளுத்தியைக் கீழே விடுவதுபோல
அவன் குறட்டை மெல்ல வைத்தான்.

மறுபடியும் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பஸ்.
ஃபௌசியா டாக்டர் விளக்கைத் திருப்பி
நர்ஸிடம் சொன்னார்: இடது, கீழ், ஆறு.
ஆறு இரண்டு பாஷையிலும் ஆறுதான்,
ஓடுகிறதும் எண்ணுகிறதும்.
ஈறு மட்டத்துக்கு அறுத்து, நரம்பை எடுத்து,
வாயை அடைத்து
வேரை அங்கேயே விட்டுவிட்டார்.
"கிடக்கட்டே."

இந்தத் தட்டு இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டேன்.
பல் உள்ள காலம் என்றார்.
மிச்சம் பத்தொன்பது.

இன்றைக்கு நெய்மீன் வந்திருந்தது, ஒன்பது கிலோ.
ஐயாயிரத்து நூறு, ஒரு தரம்.
ஐயாயிரத்து நூறு, ரெண்டு தரம்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.
குப்பியைத் திறந்தேன்.
பின்வரிசையில் யாரோ கையைத் தூக்கினார்கள்.