கணக்கில் இரண்டு கிண்ணம்

மூன்று மணிக்கு முன் அடுப்படிக்கு வரவேண்டாம்
என்று நான்தான் எழுதி ஒட்டினேன்.
தடித்த பேனா. கீழே ‘கமிட்டி’ என்று ஒரு சொல்,
தனியாய் நிற்கப் பயந்தவள் போடும் கையெழுத்து.

மில்டுராவில் பெரிய வெள்ளியன்று
ரொட்டிக்கடை பூட்டு, பஸ் ஓடாது,
வெயில் மட்டும் விடுமுறை எடுக்காது.
வெள்ளைக்காரர் சபையிடம் வாடகைக்கு எடுத்த ஹாலில்
நாற்பத்து மூன்று பேர் ஏழு வார்த்தைகளைத் தியானிக்க
நான் பின்கட்டில் கஞ்சிக்குக் காவல்.
பச்சரிசி, சிறுபயறு, வெந்தயம், பூண்டு,
தேங்காய்ப்பால் கடைசியில்.
சாவி என் கழுத்தில், சிலுவையோடு உரசிக்கொண்டு.

முப்பத்தொரு வருஷம்.
பிள்ளை பெற்ற வருஷத்தில்கூட
பெரிய வெள்ளியில் மூன்று மணிக்கு முன்
பச்சைத்தண்ணீர் பல்லில் பட்டதில்லை.
இதைச் சொல்லிக்கொள்ளக் கூடாதுதான்.
சொல்லியிருக்கிறேன், பலரிடம்.

நான்காம் வார்த்தை முடிந்து பாட்டு எழும்பியபோது
கம்பிவலைக் கதவுக்கு வெளியே ஒருவன்.
சட்டையில் திராட்சைச் சாறு காய்ந்து கறுத்திருந்தது.
“தமிழ்ப் பாட்டுக் கேட்டது அக்கா, அதான் வந்தனான்.”
ரெட் கிளிஃப்ஸிலிருந்து நடந்திருக்கிறான்.
மூன்று கிழமைச் சம்பளத்தைப் பிடித்துவைத்திருக்கும்
கங்காணியின் வீட்டில்
நாய் மட்டும் இருந்ததாம்.
“சாப்பிட ஏதும் கிடைக்குமோ?”

கதவில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன்.
விரலால்.
அவன் வாசித்தான், ‘கமிட்டி’ வரைக்கும்.
கடிகாரத்தில் ஒன்று நாற்பது.
“பரவாயில்லை, இருக்கிறன்” என்று
தோட்டக் குழாயடியில் குந்தி
இரண்டு கையும் சேர்த்தேந்திக் குடித்தான்.
அது சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீர்.
குடிக்க அல்ல என்று அதற்கும் ஒரு பலகை உண்டு,
அதை நான் எழுதவில்லை.

உள்ளே போதகர் ஐந்தாம் வார்த்தைக்கு வந்திருந்தார்.
தாகம்.
ஒலிபெருக்கியில் அதை மூன்று முறை சொன்னார்,
கிரேக்கத்தில் ஒருமுறை.
காடியில் தோய்த்த பஞ்சைப் பற்றி விளக்கினார்.
குழாய் சொட்டும் சத்தம்
அதைவிடக் கிட்டத்தில் கேட்டது.

சாவியைத் திருப்பினேன்.
கிண்ணம் நிறையக் கஞ்சி, மேலே ஒரு உருண்டை துவையல்.
வாங்கினான். வாயில் வைக்கவில்லை.
“நீங்க?”
எனக்கு உபவாசம் என்றேன்.
“அப்ப எனக்கும் பிறகு.”
கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை மூடியாக வைத்தான்.
“பசியோட நிக்கிற ஆளுக்கு முன்னால
எப்படி அக்கா சாப்பிடுறது?”

பெயர் குகதீபன்.
காலையில் பூசிய திருநீறு
வியர்வையில் பாதி போயிருந்தது.
அவனுக்கு என் விரதம் பசியாகத்தான் தெரிந்தது.
நான் அதை
வேறென்னவாக வைத்திருந்தேன்?

இரண்டாவது கிண்ணம் எடுத்தேன்.
கவிழ்த்த வாளியில் அவன், படியில் நான்.
முதல் வாய் நாக்கைச் சுட்டது.
உப்புப் போட மறந்திருக்கிறேன்.
அவன் சொல்லவில்லை,
இன்னொரு கரண்டி கேட்டான்.

மைக்குக்கு பேட்டரி தேடி வந்த பொருளாளர் கிதியோன்ராஜ்
என் வாயைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்,
கதவிலிருந்த என் எழுத்தையும் பார்த்தார்.
“நீங்களா?” என்றார்.
பதில் சொல்ல வாய் இல்லை,
கஞ்சி இருந்தது.

சனிக்கிழமை அவரே தன் வேனில்
அவனைக் கங்காணி வீட்டுக்குக் கூட்டிப்போனார்.
சம்பளம் கிடைத்ததா என்று
இருவருமே சொல்லவில்லை.
வேனின் முன்கண்ணாடியில் மட்டும் ஒரு விரிசல்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது.
நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவள் நான்தான்.
பொருள் நான்கு என்று போட்டுவிட்டு
வெகுநேரம் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எழுதினேன்:
கஞ்சி, இரண்டு கிண்ணம், ஒன்று ஐம்பதுக்கு.
உப்பு இல்லை.
கீழே என் பெயர் மட்டும்.