இருபத்து மூன்று டிகிரி

ஒரகடத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்
நான் கார் ஓட்டுகிறேன்.
எங்கும் போவதில்லை.
சக்கரங்களுக்குக் கீழே இரும்பு உருளைகள்
தந்த சாலையையே திரும்பத் திரும்பத் தருகின்றன.
முகத்துக்கு நேரே ஆளுயர மின்விசிறி,
அதுதான் காற்று.
கார் விடும் மூச்சு குழாய் வழியே
ஒரு பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

திரையில் ஒரு கோடு.
அது ஏறினால் ஏற வேண்டும்,
இறங்கினால் இறங்க வேண்டும்.
பிசகினால் மறுநாள் முதலிலிருந்து.
பதினொரு வருடப் பழக்கத்தில்
என் வலது கால் கட்டைவிரல்
என்னைவிட ஒழுக்கமானது.

அறைக்குள் இருபத்து மூன்று டிகிரி.
சென்னை அந்த எண்ணை
மார்கழியில், விடிவதற்கு முன்,
பால் பாக்கெட் வந்து விழும் நேரத்தில்
ஒருமுறை எட்டிப் பார்க்கும்.
ஏசி கிடையாது. ரேடியோ கிடையாது.
பின் சீட்டில் யாரும் கிடையாது.
ராத்திரி முழுக்க மின்சாரம் குடித்து
வயிறு நிறைந்த பேட்டரி.

அப்படி ஓட்டி எடுத்த எண், எண்பத்திரண்டு.
எண்பத்திரண்டு கிலோமீட்டர்,
ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல்.
பொய்யில்லை. கையெழுத்து என்னுடையது.

பிறகு அதைத் துரைப்பாக்கத்தில் பார்த்தேன்,
விளம்பரப் பலகையில், மாடி உயரத்துக்கு.
எண்ணின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி.
பலகையின் அடியில், எறும்பு ஊர்வதுபோல,
‘ஆய்வக நிலைகளில்’.
அந்த எறும்புகளில் ஒருவன் நான்.

மே மாதம் ஒரு புகார்.
சர்வீஸில் ஆளில்லை, நீ போ என்றார்கள்.
பெருங்குடி, எட்டாவது மாடி,
ஜெரால்ட் பெரியநாயகம்.
வண்டி வாங்கி ஏழு மாதம்.
“எண்பத்திரண்டு எங்க சார்? நீங்களே பாருங்க.”
பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார்.

அக்னி நட்சத்திரம். ஏசி பதினெட்டில்.
பின்னால் மச்சினி, இரண்டு பிள்ளைகள்,
மடியில் ஒரு மீன்தொட்டி, ஏன் என்று நான் கேட்கவில்லை.
மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே
சாலை சந்தாகி, சந்து பள்ளமாகி,
தண்ணீர் லாரிக்குப் பின்னால்
பத்தடிக்கு ஒரு பிரேக்.
வலப்பக்கக் கடைக்குப் போக
இடப்பக்கமாக ஒரு கிலோமீட்டர்.
எஞ்சின் தூங்கவே இல்லை.
கேட்டைத் தாண்டும்போதே
தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்துவிட்டது.

“ஏட்டுச் சுரைக்காய் சார் உங்க நம்பர்.”
ஏடு நான்தான் என்று சொல்லவில்லை.

“ராத்திரி சார்ஜ் போட்டீங்களா?”

அவர் பதில் சொல்லாமல் வண்டியை ஓரங்கட்டி
டிக்கியைத் திறந்தார்.
கல்யாணத்துக்கு வந்த ஆறாவது சுவர்க்கடிகாரம்போல
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்
சார்ஜர் கேபிள்.

பார்க்கிங் கீழ்த்தளத்தில்.
பிளக் வைத்தால் யார் மீட்டரில் ஓடும் என்று
செயலாளர் சேஷகோபாலன் கேட்டாராம்.
மூன்று கூட்டம் போட்டார்களாம்.
போன ஐப்பசியில் அங்கே இடுப்பளவு தண்ணீர்;
மின்சாரமா, அங்கேயா என்று
ஒரு அம்மாள் எழுந்தே போய்விட்டாராம்.
“எட்டு மாடிக்கு வயர் விடவா சார்?”

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
‘வாகனத்தில் குறையில்லை’ என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை.
மீன்தொட்டியைப் பிடித்திருந்த பையன்
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருட்டும் நேரம் பர்வீன் கூப்பிட்டாள்.
“எங்க இருக்கீங்க?”
“வந்துட்டே இருக்கேன். இருபது நிமிஷம்.”
பைக்கை இன்னும் ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை.
ஆனால் மேடவாக்கம் இருபது நிமிடம்தான்,
பள்ளிக்கரணையில் சிக்னல் இல்லாமல், யாருமே இல்லாமல்,
இருபத்து மூன்று டிகிரியில்.

அவள் சரி என்று வைத்துவிடுவாள்.
இரண்டால் பெருக்குவாள்,
தூறினால் மூன்றால்.
அப்புறம்தான் கல்லை அடுப்பில் ஏற்றுவாள்.

இதுவரை ஒருநாளும்
எனக்குத் தோசை ஆறியதில்லை.