நூறு நொடி

வெள்ளி இரவே ஐஸ் பெட்டியில் இறைச்சி அடுக்கியாயிற்று.
கரி ஒரு மூட்டை, மடக்கு நாற்காலி நான்கு,
மாத்தே இலை ஒரு கிலோ, வெந்நீர்க் குடுவை இரண்டு,
இருபே அடம்பிடித்துச் சேர்த்துக்கொண்ட
கண் ஒன்று போன துணி முயல்.
பிக்கப்பின் முதுகில் ஏறி நின்று பார்க்க
இரும்புக் குழாய்ச் சாரம்.
பூட்ட ஒரு ஸ்பானர், அவிழ்க்க ஒரு ஸ்பானர்,
இரண்டையும் தேட நான்.

த்ரெஸ் அரோயோஸிலிருந்து தோவாய்க்கு
நானூறு கிலோமீட்டர்.
வழி நெடுகப் பம்பா.
அதே வேலி, அதே புல்,
அதே மாடு எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்
நின்றுகொள்வதுபோல.

உலிசெஸ் ஃபோர்டு.
அவன் அப்பா ஃபோர்டு, அண்ணன்மார் ஃபோர்டு.
எங்கள் நாட்டில் அது கார் இல்லை, ஞானஸ்நானம்.
நான் ஷெவர்லே பட்டறையில் வளர்ந்தவள்.
கல்யாணம் பதிந்த அன்று
சம்பந்திகள் இருவரும் தோளொட்டி நிற்க மறுத்தார்கள்.
நடுவில் ஒரு ஆள் அகல இடைவெளியோடு
அந்தப் படம் இன்னும் எங்கள் சுவரில்.
பன்னிரண்டு வருடமாக நீலத் தொப்பி போடுகிறேன்.
வெயிலுக்கு.

சனிக்கிழமை காற்று.
மண்ணைத் தின்றோம், கொஞ்சம் இறைச்சியும் கலந்து.

ஞாயிறு பந்தயம், இருபத்தைந்து சுற்று.
எங்கள் கம்பிவேலிக்கு எதிரே ஒற்றை வளைவு.
சத்தம் முதலில் விலா எலும்புக்கு வரும்,
அப்புறம்தான் காதுக்கு.
இருபே தன் காதுமூடியைக் கழற்றி முயலுக்கு மாட்டிவிட்டு
தன் காதை என் வயிற்றில் புதைத்துக்கொண்டாள்.

ஃபெர்மினுக்கு ஒன்பது வயசு, பிறவிக் கணக்குப்பிள்ளை.
"நம்ம கார் சுற்றுக்கு நாலு நொடி தெரியுது.
இருபத்தஞ்சு நாலு நூறு.
நூறு நொடிக்கா அம்மா நானூறு கிலோமீட்டர்?"
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
கார்கள் வந்துவிட்டன.

பத்தொன்பதாம் சுற்றில்
எங்கள் நீலக் கார் வரவேண்டிய நேரத்துக்கு
வெள்ளைப் புகை வந்தது.
கார் பின்னால் வந்தது,
கடன்காரன் தெருவோரமாக நழுவுவதுபோல்
புல்லோரமாக.
உலிசெஸ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தான்.
சாரத்தில் ஒருவர் மூச்சுவிடவில்லை.
அந்த நேரம் பார்த்து
என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம்,
பட்டறைச் சிறுமியின் பழைய சத்தம்.
"தும்மல்" என்றேன்.
ஃபெர்மின் மட்டும் திரும்பிப் பார்த்தான்.

சாரத்தை அவிழ்த்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றி,
சாவியைத் திருப்பினால்
டிக் என்றது வண்டி. அவ்வளவுதான்.
இரண்டு நாளும் வர்ணனை கேட்க
ஓயாமல் ஓடிய ரேடியோ
பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தது.

பக்கத்துக் கூடாரத்து எலுதேரியோ
தானாகவே கேபிளோடு வந்தார்.
போர்வை அகலத்துக்கு ஷெவர்லே கொடி வைத்திருந்த மனிதர்.
சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் உலிசெஸ் தாங்கியிருப்பான்.
சிவப்பை இங்கே கடிக்கவிட்டு, கறுப்பை அங்கே கடிக்கவிட்டு
தன் வண்டியை உறுமவிட்டார்.
எங்கள் ஃபோர்டு இருமியது, உதறியது, எழுந்துகொண்டது.
"மாத்தே குடித்துவிட்டுப் போங்கள்" என்றேன்.
"எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள்" என்றார்.

"அப்பா, இப்போ இது எந்தக் கட்சி?"
ஃபெர்மின் கேட்டான்.
உலிசெஸ் கை ரேடியோவுக்குப் போனது,
நினைவு வந்து, ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

இருட்டில் நூறு கிலோமீட்டர் ஒருவரும் பேசவில்லை.
பிள்ளைகள் தூங்கியபின் அவனாகவே ஆரம்பித்தான்,
வர்ணனையாளன் குரலில், மெதுவாக:
இருபதாம் சுற்று, நேயர்களே,
நீலக் கார் முன்னிலையில்.
புகை இல்லை. புல்லோரம் இல்லை.
இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று
ஊர் ஊராக அவனே ஜெயித்துக்கொண்டு வந்தான்.
நான் மாத்தே ஊற்றிக் கொடுத்தேன், மறுக்கவில்லை.

எங்கள் தெருமுனையில், கடைசி வளைவில், சொன்னேன்:
"உள்பக்கமாக ஒரு ஷெவர்லே வருகிறது."

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.
வெகுநேரம் முன்கண்ணாடியையே பார்த்திருந்தான்.
"அணைத்தால் கிளம்பாது" என்றான்.
கேட்டைத் திறக்க நான் இறங்கினேன்.