ஜீரோ பாத்துக்குங்க

நீடாமங்கலம் கேட் திறந்தால்
அரைமணி நேரக் கோபமெல்லாம்
ஒன்றாக வந்து நிற்கும் எங்கள் பங்க்கில்.
சாதாவா, பிரீமியமா என்பேன்.

பதினாறு வருஷத்து மாருதி.
பின்சீட்டில் பூவும் பழமும் தாம்பாளத்தில்.
"பிரீமியம் போடும்மா, பொண்ணு பாக்கப் போறோம்."
இந்த எஞ்சினுக்கு வித்தியாசம் தெரியாதுங்க,
லிட்டருக்கு எட்டு ரூபாய் வீண்.
"இன்னிக்கு ஒருநாள்" என்றார்.
போட்டேன்.

அடுத்தது டர்போ. புதுசு.
கொரடாச்சேரி நெல் கமிஷன்காரர்.
டேங்க் மூடிக்குள் ஒட்டியிருப்பதை
ஒருநாளும் படித்ததில்லை போலிருக்கிறது.
"சாதா. ஆமா, கோரையாற்றுப் பாலம் ஏறுறப்ப
சில்லறை குலுக்குற மாதிரி ஒரு சத்தம் வருதே,
பெட்ரோல்ல தண்ணி கலக்குறீங்களா?"

தண்ணி இல்ல சார்.
ஆக்டேன்னா வேகம் இல்ல.
எவ்வளவு நெருக்கினாலும்
பொறி வரும்வரை பொறுத்திருக்கிற அளவு.
உங்க வண்டி நெருக்குற நெருக்கலுக்கு
சாதா தாங்காது,
முந்திக்கிட்டு வெடிக்குது.

என்னை மேலிருந்து கீழ் பார்த்தார்.
நீலச் சட்டையில் குத்தியிருந்த
செண்பகவல்லியை எழுத்துக்கூட்டினார்.
"நீ என்ன, இன்ஜினியரா?"

மன்னார்குடி பாலிடெக்னிக்,
ஆட்டோமொபைல், அரியர் ரெண்டு.
சொல்லவில்லை.
பின்னால் ஆறு ஹாரன்.
வெண்ணாற்றுப் பக்கமிருந்து
அறுத்த வயலின் புகை.
கையில் நாஸில்,
உள்ளே என்னென்னவோ நெருக்கிக்கொண்டு.

"சரி சரி, அதையே போட்டுத் தொலை."

ஜீரோ பாத்துக்குங்க சார்.