நிலவறைப் பம்ப்

எங்கள் வீட்டுக்கு நிலவறை கிடையாது.
ஒர்ஷா நகரில் நான்காவது மாடி,
இரண்டு அறை, துணி காயப் போட ஒரு பால்கனி.
ஆனாலும் அண்ணன் எழுதுகிறான்:
"நிலவறையில் இருக்கிற பழைய பம்பைப் பார்த்தாயா?
ராத்திரியில் தட்டுகிறது.
மூன்று தட்டு, ஒரு நிறுத்தம்,
பிறகு அவசரமாக இரண்டு."

வின்சுக் பத்தொன்பது வருடம் கொதிகலன் மெக்கானிக்.
உள்ளங்கையை வைத்தே
எந்தக் குழாயில் காற்று அடைத்திருக்கிறதென்று சொல்வான்.
சன்னலில் தொங்கவிட்ட ஒரு துணியின் நிறத்துக்காக
நாலரை ஆண்டு.
சட்டையில் மஞ்சள் பட்டை தைத்திருக்கிறார்கள்,
பம்ப் இருக்கிற அதே பக்கம்.

உடம்பைப் பற்றி எழுதினால் கடிதம் வெளியே வராது.
முதல் இரண்டும் வரவில்லை.
மூன்றாவதில் வீட்டைப் பற்றி எழுதியிருந்தான்,
வந்து சேர்ந்தது.

அதை இதய மருத்துவர் ஸ்தெஃபானியாவிடம் கொண்டுபோனேன்.
எக்ஸ்ரே படத்தைப் பிடிப்பதுபோல
விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தார்.
"தண்ணீர் எங்கே தேங்குகிறதாம்?"
கீழ்த்தளத்தில். சாயங்காலமானால் அதிகம்.
"படுத்தால்?"
இதோ, இந்த வரி:
'நிமிர்த்தி வைத்தால்தான் பம்ப் ஓடுகிறது.
சாய்த்தால் இறைப்பதில்லை,
இரைக்கிறது.'
மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"உட்கார்ந்தேதான் தூங்குகிறான்" என்றார்.

மாத்திரைகளோடு ஆறு மணி நேர ரயில்.
பார்சல் சாளரத்துப் பெண்ணின் நகங்களில் ஊதாப் பூச்சு.
அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கினாள்,
எண்ணினாள்,
மறுபடி என் பக்கமே தள்ளினாள்.
உள்ளே இருக்கும் மருத்துவர் எழுதித் தரவேண்டுமாம்.
அவர் எப்போது வருவார்?
"செவ்வாய்க்கிழமை."
எந்தச் செவ்வாய் என்று கேட்டேன்.
எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள்.
வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள், சர்க்கரையை,
கம்பளிக் காலுறையை.
அவன் காலுக்கு அது இரண்டு அளவு பெரிது.
அதை யாரும் கேட்கவில்லை.

மனு போட்டேன். பதில் வந்தது, மூன்று வரி:
கைதியின் உடல்நிலை திருப்திகரம்.
யாருக்கு?

பிறகு நானும் பம்பைப் பற்றியே எழுதினேன்.
ஓடுகிற தண்ணீரில் உப்பைக் குறை.
ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் ஊற்றாதே.
தலைமாட்டில் இரண்டு செங்கல் வை.
பம்புக்கு ஏது தலைமாடு?
அடித்துவிட்டு
'மேல்பக்கம்' என்று திருத்தினேன்.

செப்டம்பர் கடிதத்தில்
ஒரே ஒரு சொல்லின் மேல் கறுப்பு மை.
"தண்ணீர் இப்போது             வரை."
விளக்கில் காட்டிப் பார்த்தேன்:
முழங்கால்.

நிலவறையில் முழங்கால் தண்ணீர் நிற்பது
எந்த ஊரிலும் நடப்பதுதானே.
அதை எதற்கு அடிக்கவேண்டும்?

ஆக, தெரிந்திருக்கிறது.
ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கறுப்புப் பேனா.
அங்கே உட்கார்ந்திருக்கும் யாரோ
மார்ச் மாதத்திலிருந்தே எல்லாம் புரிந்து
வாராவாரம் உறையை ஒட்டி அனுப்பியிருக்கிறார்,
எங்கள் நிலவறையை எங்களுக்கே.
அவருக்கு நன்றி சொல்லவேண்டுமா?
பல நாள் சொல்லத்தான் நினைத்தேன்.
அந்த மேசையிலிருந்து செவ்வாய்க்கிழமை அறைக்கு
எத்தனை எட்டு இருக்கும்
என்றும் நினைத்தேன்.

நேற்று வந்ததில் ஒரு வரிதான்:
"பம்ப் இப்போது தட்டுவதில்லை."

ஸ்தெஃபானியா முதலில் தேதியைப் பார்த்தார்.
பதினோரு நாள் பழையது.
"கையெழுத்து அவனுடையதுதானா?"
அவனுடையதுதான்.
கடைசி இரண்டு சொற்கள் மட்டும்
கோட்டைவிட்டுக் கீழே இறங்கியிருந்தன.
அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வெளியே அடுத்த நோயாளி இருமினார்.

வரும் வழியில் சந்தைக்குப் போனேன்.
காலுறை விற்பவர் எண் கேட்டார்.
இருப்பதிலேயே பெரியது என்றேன்.
"ஆள் நல்ல உயரமோ?" என்றார்.
இல்லை,
இதைவிடப் பெரியது இருக்கிறதா என்று கேட்டேன்.