காந்தம் ஒட்டாத கதவு

தமிழில் சொன்னால் சிரிப்பீர்கள்:
அந்தக் காரின் பெயர் சனி.
காசு கொடுத்து, கையெழுத்துப் போட்டு,
தாங்களே ஓட்டி வந்து வாசலில் நிறுத்திக்கொண்டார்கள்.
சிவப்புச் சதுரத்துக்குள் வளையம் சுற்றிய கிரகம்.
எள் முடிச்சு கேட்காது.
எண்ணெய் கேட்கும், ஆனால் அது பிறகு.

ஓஹையோவில், காகித ஆலையின் புளித்த வாடை
காயும் துணியில் ஏறிக்கொள்ளும் ஊரில்,
ரோவீனா டாக்கெட்
விவாகரத்துத் தாளின் மடிப்புக் கலையாத வாரத்தில்
கார் வாங்கப் போனாள்.
மூன்று கடைகளில் கேட்டாயிற்று:
"வீட்டுக்காரர் எப்போது வருவார்?"
இங்கே கேட்கவில்லை. விலை கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது.
பேரம் கிடையாது, காப்பி உண்டு.
விற்கிற பையன் முழங்காலால் கதவை ஓர் இடி இடித்தான்.
நெளிந்த கதவு, ஒன்றும் நடக்காதது போல்
தன் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டது.
அவள் அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

சாவி கொடுக்கும்போது கடையே கூடிவிட்டது.
கிரீஸ் கையோடு மெக்கானிக்குகள், கணக்கெழுதும் பெண்,
வேறு காருக்கு வந்திருந்த ஒரு பாதிரியார்,
எல்லோரும் கை தட்டினார்கள்.
பிள்ளை பெற்றபோது தட்டாதது,
ஒன்பது வருஷத்துக்குப் பின் ஒற்றைப் பெட்டியோடு
படியிறங்கியபோது தட்டாதது.
கண் மங்கி, ரிவர்ஸில் ஒரு பூந்தொட்டியைச் சாய்த்தாள்.
அதற்கும் தட்டினார்கள்.

மறு கோடையில், கார் பிறந்த ஆலையைப் பார்க்க
டென்னசிக்கு ஆயிரமாயிரம் பேர் ஓட்டிப் போனார்கள். அவளும்.
இடியும் மழையும். சேற்றில் நின்று,
சாப்பிட்ட தட்டைத் தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு
எல்பர்ட் ஸ்வோப்பிடம் பேசினாள்.
ஃப்ளின்ட்டில் வீட்டை விற்றுவிட்டு வந்தவர்,
கதவுப் பிரிவு.
"உன் கதவை நான் மாட்டியிருக்கலாம்," என்றார்,
"செவ்வாய்க்கிழமை வண்டி என்றால் நிச்சயம்."

பிறகு எங்கோ ஒரு மேஜையில் கூட்டிக் கழித்தார்கள்.
புது மாடலுக்குப் பணமில்லை என்றார்கள்.
பணம் வந்தபோது வந்த கார்களில் கதவு தகரம்.
கடைசியில் வாங்க ஒருவர் வந்து,
கையெழுத்துக்கு முன் கையை இழுத்துக்கொண்டார்.
ராசிக்கு இரண்டரை என்று விரல் மடக்கிப் பார்க்கிறேன்.
எட்டு வீடுதான் ஆகியிருந்தது.
சுற்று முடிக்காமல் இறங்கிப் போன சனியை
நான் கேள்விப்பட்டதில்லை.

ரோவீனாவின் சனி மட்டும் விடவில்லை.
ஆயிரம் மைலுக்கு ஒரு குவார்ட் குடித்தது.
அவளுக்கு லீவு சனிக்கிழமை;
சனிக்கிழமைதோறும் பானெட்டைத் தூக்கி எண்ணெய் வார்த்தாள்,
யாரும் சொல்லிக்கொடுக்காமலே.
கூரைத் துணி தொங்கியது, குண்டூசி குத்தினாள்.
சீட் பெல்ட் மட்டும், கதவு சாத்தியதும்
தானாக ஊர்ந்து வந்து தோளைச் சுற்றும்.
சில வாரங்களில் அவளைத் தொட்டது அது ஒன்றுதான்.

மகன் ராணுவத்துக்குப் போனபோது
மஞ்சள் ரிப்பன் காந்தம் வாங்கி வந்து கதவில் வைத்தாள்.
விழுந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். விழுந்தது.
பதினோரு வருஷம் ஏறி இறங்கிய கதவு பிளாஸ்டிக் என்பது
அப்போதுதான் உறைத்தது.
டேப் போட்டு ஒட்டினாள்.
மகன் வந்துவிட்டான். ரிப்பனை எடுக்கவில்லை.

மூன்று லட்சத்து ஆறாயிரம் மைலில் என்ஜின் நின்றது.
காயலான் கடைக்காரர் ப்ரூயிட் எடை போட்டார்:
"இரும்புக்குத்தான் காசு. இந்தத் தோலுக்கு இல்லை."
பேரம் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.
கிரேனின் காந்தம் கூட்டைத் தூக்கிப் போனது.
கழற்றிய கதவுத்தோல் வேலியில் சாய்ந்திருந்தது,
ஒரு பொட்டுத் துருவில்லாமல்,
டேப்பின் பசை மட்டும் கறுத்து.
ஒரு இடி இடித்தாள், முழங்காலால்.
நெளிந்தது.
வந்தது.

"கையெழுத்து," என்று ரசீதை நீட்டினார் ப்ரூயிட்.
போட்டாள். டிக்கியிலிருந்து எடுத்து வைத்திருந்த
பாதி பாட்டில் எண்ணெயோடு
பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.