எத்தனை அடி

ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லுங்க
என்றார் டாக்டர்.
செங்கோட்டுவேலுக்குப் பத்துக்குள் பேசத் தெரியாது.
பதினேழு வருசம் ரிக் வண்டியில் போனவர்,
ராய்ப்பூர், நாந்தேடு, பெயர் தெரியாத செம்மண் காடுகள்.
"எழுநூத்தம்பது அடிங்க. ஈரமே தட்டுலீங்."

டாக்டர் எட்டு என்று எழுதிக்கொண்டார்.

அந்த ராடு இருபது அடி நீளம்.
ஜாக்கி விட்டபோது அது தரையில் விழவில்லை.
எக்ஸ்ரேயில் நாலாவது எலும்பும் அஞ்சாவது எலும்பும்
வரப்புக்குச் சண்டை போட்ட பங்காளிகளாட்டம்
முகம் திருப்பி நிற்கின்றன.
வண்டி முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கட்டினார்.
பொறவு தீபாவளிக்கு ஒரு வேட்டி.

இடது கால் எரியும்.
ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வை பட்டாலே எரியும்.
மாத்திரை போட்டால் கால் தூங்காது, ஆள் தூங்குவார்,
சோற்றுத் தட்டில் கை வைத்தபடி,
என் பேரைப் பாதியில் விட்டுவிட்டு.

நான் மதுவிலக்குப் பிரிவில் ஏட்டு.
குமாரபாளையம் பைபாஸில் இறக்கிய பொட்டலங்களைத்
தராசில் வைத்து வாய்விட்டு எண் சொல்வது என் வேலை.
இரண்டு கிலோ நூற்றுப்பத்து.
சாட்சி கையெழுத்து. அரக்கு. முத்திரை.
வாசம் காக்கியில் ஏறி வீடு வரை வரும்.
மோந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.
இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

பள்ளிபாளையத்தில் ஒரு லாரி டிரைவர் சிக்கினார்.
அறுபது வயசு. பீடிக்கட்டுக்குள் நாற்பது கிராம்.
"பாதம் ரெண்டும் எரியுதுங்கம்மா, சக்கரை.
இது இல்லாட்டிப் படுக்க முடியறதில்லீங்."
முதல் தகவல் அறிக்கையில்
எரிவதற்குக் கட்டம் இல்லை.
பெயர் எழுதினேன். தகப்பன் பெயர். எடை.
தராசின் சிவப்பு எண்கள் அன்றைக்கு
நிலைக்க வெகுநேரம் ஆயிற்று.
ஒரு சிட்டிகை. யார் கேட்கப்போகிறார்கள்?
அரக்கை உருக்கினேன். விரலில் சொட்டியது.

பெருந்துறை ரோட்டில் ஒரு ஆயுர்வேத டாக்டர்,
என் வயசுதான் இருக்கும்,
சீட்டில் விஜயா என்று எழுதினாள்.
இலைச்சாறு இறக்கிய எண்ணெய். நாக்கடியில் அஞ்சு சொட்டு.
"விஜயான்னா?"
"உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்று சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அன்று ராத்திரி சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்,
பயிற்சியின்போது மனப்பாடம் செய்த அதே பக்கம்.
பூத்த, காய்த்த நுனிக்கொப்புதான் கஞ்சா.
தனியே பிரிந்த இலை அதில் சேராது.
ஒரே செடி.
நடுவில் ஒரு காற்புள்ளி.

கூரியர் பையன் போன் செய்தபோது கோர்ட்டில் இருந்தேன்.
"பார்சலை ஸ்டேசன்லயே குடுத்துட்டனுங் மேடம்."
நான் வண்டி ஓட்டிய வேகத்துக்கு
என் மேல் நானே வழக்குப் போடலாம்.
எஸ்.ஐ. மேஜையில் பழுப்பு டப்பா, பிரிக்காமல்.
மருந்துச் சீட்டை நீட்டினேன்.
வாசித்தார். மறுபடி வாசித்தார்.
"எங்கம்மாவுக்கு மூட்டு வலி. ஆகுமாம்மா இது?"

முதல் வாரம் ஒன்றுமில்லை, வாய் வறண்டதுதான் மிச்சம்.
ஏழு சொட்டு. ஒன்பது.
பதினாறாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப்
பழக்கத்தில் எழுந்துவிட்டேன்.
அவர் எழவில்லை.
மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.
மூச்சு.
போர்வை இடது காலின் மேலேயே கிடந்தது.

"எத்தனை அடி?" காலையில் கேட்டேன்.
சட்டைக்குள் தலையை விட்டபடி யோசித்தார்.
"நானூத்தி இருவது இருக்குமாட்ட இருக்குது."
"தண்ணி?"
"புழுதிதான்.
ஆனாச் சித்த கனமாப் பறக்குது."

நாளைக்கு அந்த லாரி டிரைவர் வழக்கு.
இரண்டாம் சாட்சி நான்.
காக்கியைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன்.
எடை கேட்பார்கள். நாற்பது கிராம் என்பேன்.
அந்த ஆள் கூண்டில்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்,
காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு.